பித்தளைதான் என்று சொன்னேன்

கல்கத்தாவில் நாங்கள் முதலில் குடியிருந்தது காளிகாட்டில், ஆதி கங்கைக்கு மிக அருகில் இருந்த ஒரு பழைய வீட்டின் மாடியில். கீழே வீட்டுக்காரரான வங்காளி பாபுவும் அவருடைய குடும்பமும். மேலே நானும் என் மனைவியும். மாடிக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி கிடையாது. பின்பக்க முற்றத்திலிருந்து ஒரு மரப் படிக்கட்டு ஏறிவரும். பதினேழு படிகள். இரண்டு பக்கமும் வெட்டவெளி. ஒரு பக்கத்தில் மட்டும் சால் மரத்தில் ஆறு கம்பங்கள் நின்றன. அவற்றின்மேல் ஒரு காலத்தில் கைப்பிடி இருந்திருக்க வேண்டும். நாங்கள் வந்தபோது அது உளுத்து விழுந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது. எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. இரண்டிரண்டு படிகளாகத் தாவி ஏறுகிறவனுக்குக் கைப்பிடி இல்லாதது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

குறையாகத் தோன்றியது என் நண்பரால்தான். அவர் எங்கள் ஆபீஸில் எனக்கு ஆறு வருஷம் மூத்தவர். எங்கள் பக்கத்து மனுஷர், தஞ்சாவூர் ஜில்லா. மனைவி இறந்தபின் இரண்டு சந்து தள்ளித் தனியாக இருந்தார். நான் ஊருக்குப் புதிதாக வந்தபோது எனக்கு வீடு பார்த்துக் கொடுத்ததும், வங்காளியில் கறிகாய் வாங்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். நாற்பது வயதுக்குள் அவருக்குக் கண் மங்கத் தொடங்கியது. டாக்டர்கள் ஏதேதோ சொட்டு மருந்து விட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் வெளிச்சம் இருட்டு என்ற பேதம் தெரிவதோடு சரி. ஆபீஸில் பென்ஷன் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். சென்னையிலிருந்து தபாலில் வரும் தமிழ்ப் பத்திரிகையை நான் உரக்கப் படிப்பேன். என் மனைவி அடை வார்த்துக் கொடுப்பாள். தம் வீட்டிலிருந்து எங்கள் முற்றம் வரைக்கும் தடியைத் தட்டிக்கொண்டு, காலடிகளை எண்ணிக்கொண்டு தாமே வந்துவிடுவார். படிக்கட்டில்தான் சங்கடம். நான் இறங்கிப் போய்க் கையைப் பிடித்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும்.

"ஓய், கையை விடும். நான் என்ன கல்யாணப் பொண்ணா? தோளைக் காட்டும், போதும்" என்பார்.

சில நாள் அவர் என்னைக் கூப்பிடாமலே கையையும் ஊன்றித் தவழ்ந்து ஏறி வந்திருக்கிறார். ஒருமுறை அதைப் பார்த்துவிட்ட வீட்டுக்காரரின் பேத்திகள் சிரித்தார்கள். அவர் அடுத்த இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் அவர் வீட்டுக்குப் போனபோது, "கொஞ்சம் ஜலதோஷம்" என்றார்.

அன்றுதான் கைப்பிடி போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். வீட்டுக்காரர் மறுப்பேதும் சொல்லவில்லை. அந்தத் தெருவில் எல்லா வீடுகளுக்கும் கதவு ஜன்னல் பார்க்கிற தச்சு மிஸ்திரியை அவரே கூப்பிட்டு அனுப்பினார்.

மிஸ்திரிக்கு ஐம்பது வயது இருக்கும். மெலிந்த தேகம். அதிகம் பேசமாட்டார். முதலில் அரை மணி நேரம் கம்பங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு தேக்கில் நீளமாக ஒரு சட்டம் இழைத்துக்கொண்டு வந்தார். கை பதிகிற மேல்பக்கத்தை உருட்டி, உள்ளங்கையால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்து, சிலாம்பு நிற்கிற இடத்தையெல்லாம் சுரண்டி எடுத்தார். கண் தெரியாதவர் பிடிக்கப்போகிறார் என்று நான் சொல்லியிருந்தேன்.

எனக்கு நினைவிருப்பது அவர் திருகாணி தேர்ந்தெடுத்த விதம். வங்காளிகள் அதை இஸ்க்ருப் என்பார்கள். ஒரு கையில் இரும்பு, ஒரு கையில் பித்தளை, இரண்டும் விரல் நீளம், ஒரே பருமன். என் உள்ளங்கையில் வைத்தார்.

"எது பலம், பாபு?"

"இரும்பு" என்றேன். அதில் என்ன சந்தேகம்?

"இன்னிக்கு இரும்பு பலம். மூணு மழை கழிச்சுப் பாருங்க. வெளியில நனையிற மரத்தில இரும்பைப் போட்டா அதுவும் துருப்பிடிக்கும், சுத்தி இருக்கிற மரத்தையும் கறுக்க வச்சு அரிச்சிடும். தலை மட்டும் மேலே நல்லா இருக்கும். உள்ளே ஒண்ணும் இருக்காது."

"அப்படியானால் பித்தளையே போடு."

"போடலாம். ஆனா பித்தளை மெத்து. சால் மரம் கல்லு மாதிரி. நேரா முறுக்கினா கழுத்தில ஒடிஞ்சு போகும்."

அதற்கு அவர் வைத்திருந்த வழியைப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். துளைக்கருவியால் சட்டத்தில் ஒரு அகலமான துளை, கம்பத்தில் அதைவிடக் குறுகலாக ஒரு துளை. அதில் முதலில் இரும்புத் திருகாணியைத் தேன்மெழுகு தடவி ஏற்றினார். அது மரத்துக்குள் தன் மரையை வெட்டிக்கொண்டு போகும். பிறகு அதைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள பித்தளைத் திருகாணியை அதே வழியில் விட்டால், சிரமமில்லாமல் இறங்கிவிடும். ஒரு கம்பத்துக்கு இரண்டு வீதம் பன்னிரண்டு.

பன்னிரண்டு இரும்பையும் ஏற்றி முடித்த சமயத்தில் கிராமத்திலிருந்து ஆள் வந்தான். மிஸ்திரியின் மனைவிக்குக் கடுமையான காய்ச்சல். அவர் உடனே கிளம்ப வேண்டியிருந்தது. போகிற அவசரத்திலும் பித்தளைத் திருகாணிகளை ஒரு காகிதத்தில் பொதிந்து, ஒரு உருண்டை மெழுகோடு என்னிடம் கொடுத்தார்.

"இந்த இரும்பு வழி போடத்தான், பாபு. நான் திரும்பி வந்து மாத்திடறேன். வர நாளானா நீங்களே ஒவ்வொண்ணா மாத்துங்க. மெழுகு தடவாம விடாதீங்க. இறுகிற இடத்தில கொஞ்சம் பின்னால திருப்பி மறுபடி விடுங்க. பலவந்தம் பண்ணக் கூடாது."

அடுத்த ஞாயிறு என் நண்பர் வந்தார். சட்டத்தைத் தொட்டவுடன் அவர் முகம் மாறியதை நான் மாடியில் நின்று பார்த்தேன். தடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, வழக்கமாகப் படியேறுகிற மனிதரைப் போல நிமிர்ந்து ஏறி வந்தார். பாதியில் நின்று, விரலால் தடவித் தடவித் திருகாணித் தலை ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"நல்ல கனமாப் போட்டிருக்கானே. இரும்பா?"

"பித்தளை" என்றேன்.

மறுநாள் மாற்றிவிடப் போகிறோம், அதற்குள் எதற்கு விளக்கம் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து திருப்புளியோடு உட்கார்ந்தேன். மேல் கம்பத்தில் ஒரு இரும்பைக் கழற்றிப் பித்தளையை விட்டேன். மெழுகு உருண்டை உள்ளே அலமாரியில் இருந்தது. எழுந்து போய் எடுத்துவரச் சோம்பல். முக்கால் பங்கு சுலபமாக இறங்கியது. பிறகு இறுகியது. எனக்கு அப்போது கைப்பலத்தில் ஒரு கர்வம். முறுக்கினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். திருகாணியின் தலை திருப்புளியோடு கையில் வந்துவிட்டது. மிச்சம் சால் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது.

அதை வெளியே எடுக்க எனக்கு வழி தெரியவில்லை. பக்கத்தில் ஒரு புது ஓட்டை போட்டு, கழற்றிய இரும்பையே அதில் ஏற்றினேன். நன்றாகக் கடித்துக்கொண்டு நின்றது. சட்டத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். என் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. ரயில் தண்டவாளமே இரும்பு, அது மழையில் கிடக்கவில்லையா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற பதினொன்றையும் தொடவில்லை. அந்த வாரமே பச்சைப் பெயிண்ட் கொஞ்சம் வாங்கிவந்து, திருகாணித் தலைகளை மறைத்துப் பூசினேன்.

மிஸ்திரி திரும்பி வர ஒரு மாதம் ஆயிற்று. மனைவி பிழைக்கவில்லை. தலையை மழித்திருந்தார். அந்த நிலையிலும் முதல் காரியமாக எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றார்.

"இஸ்க்ருப் மாத்த வந்தேன், பாபு."

"நானே மாற்றிவிட்டேன்."

அவர் கீழிருந்தே அண்ணாந்து பார்த்தார். "பித்தளைக்கு எதுக்கு பாபு பெயிண்ட்?"

"பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று."

ஏறி வந்து பார்க்கட்டுமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. பாபு சொன்ன பிறகு ஒரு மிஸ்திரி ஏறிப் பார்ப்பது மரியாதையில்லை. போய்விட்டார். ஒடித்துவிட்டேன், வந்து சரி செய்து கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்திருக்கக்கூட மாட்டார். உட்கார்ந்து ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். தச்சனிடம் போய், உன் வேலை எனக்கு வரவில்லை என்று சொல்ல ஒரு குமாஸ்தாவுக்கு என்ன வெட்கம்? ஆனால் வெட்கப்பட்டேன். உண்மை அவ்வளவுதான்.

மூன்று மழைக்காலம் அந்தக் கைப்பிடி நின்றது. அந்த மூன்று வருஷமும் என் நண்பருக்கு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். ஞாயிறு மட்டும் வந்துகொண்டிருந்தவர் நினைத்த நாளெல்லாம் வரத் தொடங்கினார். நான் ஆபீஸில் இருக்கும்போதே வந்து, என் மனைவிக்கு வங்காளி சொல்லிக்கொடுப்பார், இல்லாவிட்டால் வாழைத்தண்டு நறுக்கிக் கொடுப்பார். "உங்காத்துப் படி மாதிரி எனக்கு எங்காத்து வாசல்கூடப் பழகலை" என்று ஒருநாள் சொன்னார்.

நான்காவது மழையில், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மாடியில் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். படியில் அவருடைய காலடி கேட்டது. மேலே மூன்று படிதான் பாக்கி. மரம் கிழிகிற சத்தமும், கீழே கல் தரையில் பாரமாக ஏதோ விழுகிற சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

ஓடிப்போய்ப் பார்த்தேன். சட்டத்தின் மேல்முனை கம்பத்தை விட்டு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முற்றத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். தடி எங்கேயோ உருண்டிருந்தது. நான் இறங்கி அவர் தலையைத் தூக்கியபோது முதலில் கேட்டது, "பத்திரிகை வந்துடுத்தா?" என்றுதான். அதன் பிறகுதான் வலி தெரிந்து கத்தினார்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டரை மாதம் கிடந்தார்.

விழுந்த அன்று மாலையே வீட்டுக்காரர் முற்றத்தில் பொறுக்கியெடுத்த திருகாணி ஒன்றை என்னிடம் காட்டினார். தலை பச்சைப் பெயிண்டோடு முழுசாக இருந்தது. உடம்பு ஈர்க்குச்சிபோல் மெலிந்து, விரலால் தொட்டால் செந்தூளாக உதிர்ந்தது.

"பார்த்தீர்களா மோஷாய், இரும்பு! பித்தளை போட்டதாகச் சொல்லிவிட்டு இரும்பைப் போட்டு, தெரியாமலிருக்கப் பெயிண்ட் அடித்திருக்கிறான்."

மிஸ்திரியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். அவர் அந்தத் திருகாணியை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் பித்தளை கொடுத்துட்டுப் போனேன். பாபு கிட்டக் கேளுங்க."

வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "கொடுத்தானா?"

ஆமாம் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். மேலே மாடியில் என் மனைவி கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த மனுஷர் கட்டிலில் அசையாமல் கிடந்தார். அவரை அப்படிப் போட்டவன் நான் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல எனக்கு மனம் துணியவில்லை.

"எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை" என்றேன்.

மிஸ்திரி திருகாணியைப் படிமேல் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தெருவில் அவருக்கு அதற்கப்புறம் வேலை கிடைக்கவில்லை. கண் தெரியாத மனிதரை ஏமாற்றியவன் என்ற பேச்சு அடுத்த தெருக்களுக்கும் போயிற்று. சில மாதங்களில் காளிகாட்டை விட்டே போய்விட்டதாகச் சொன்னார்கள். பித்தளைத் திருகாணிகள் மிச்சம் பதினொன்று என் மேஜை இழுப்பறையில் பொதிந்தபடி இருந்தன. யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பயந்து, ஸ்நானத்துக்குப் போகிறவனைப் போல ஆதி கங்கைக்குப் போய்த் தண்ணீரில் போட்டேன்.

நண்பருக்கு எலும்பு கூடியது, ஆனால் நடை வரவில்லை. கும்பகோணத்திலிருந்து அவருடைய தமக்கை வந்து ஊருக்கு அழைத்துப் போனாள். ஹௌரா ஸ்டேஷனில் அவரைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். வண்டி கிளம்ப நேரமிருந்தது. என் கையைத் தாமாகவே தேடிப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் யார் கையையும் அப்படிப் பிடித்ததில்லை.

"அந்த மிஸ்திரி மேல உமக்குக் கோபம் வேண்டாம், ஓய். பொண்டாட்டி செத்துண்டிருந்த நேரம். அவன் புத்தி எங்கே இருந்துதோ."

"அண்ணா..." என்று ஆரம்பித்தேன்.

"என்ன?"

"ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடச் சொல்லுங்கள்."

கடிதம் வந்தது, தமக்கை மகனின் கையெழுத்தில். நானும் எழுதினேன். உண்மையை எழுதிவிட வேண்டுமென்று பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். எதை எழுதினாலும் அந்த மருமான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வேறொருவன் வாயால் அவர் அதைக் கேட்க வேண்டுமே என்று நிறுத்திக்கொள்வேன். நேரில் போய்ச் சொல்வதாக முடிவு செய்வேன். லீவு கிடைத்த வருஷங்களில் வேறு காரியங்கள் குறுக்கே வந்தன, அல்லது நானே வரவழைத்துக்கொண்டேன். ராஜதானி டெல்லிக்கு மாறி எங்கள் ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்ட வருஷத்தில் மருமான் எழுதிய கார்டு வந்தது. நண்பர் காலமாகிவிட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு மிஸ்திரி மட்டும்தான் மிச்சம். விசாரித்துக்கொண்டே இருந்தேன். பெஹாலாப் பக்கம் இருக்கிறார் என்று ஒரு மரக்கடைக்காரன் சொன்னான். ஒரு விடுமுறை நாள் காலையில் போனேன். அப்போது பெஹாலா முக்காலும் குளமும் மூங்கில் தோப்புமாக இருந்தது. ஒரு கால்வாய்க் கரையில் படகைக் கவிழ்த்துப்போட்டுப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார். மயிர் முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்தவுடன் அடையாளம் தெரிந்துவிட்டது. கையில் இருந்த சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு எடுக்கச் சோம்பியது, தலை ஒடிந்தது, பெயிண்ட், கங்கை. ஒன்றையும் விடவில்லை. அவர் முழுவதும் கேட்டார்.

"தெரியும், பாபு. அந்த இஸ்க்ருப்பைக் கையில வாங்கினதுமே தெரியும். என் கையால ஏத்தின இரும்பு எனக்குத் தெரியாதா?"

"அப்படியானால் ஏன் அங்கேயே சொல்லவில்லை?"

"சொன்னேனே. பாபு கிட்டக் கேளுங்கன்னு சொன்னேன். கேட்டாங்க. நீங்க ஞாபகமில்லைன்னீங்க."

மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். அவர், "இதை இங்கே வந்து என் கிட்டச் சொன்னா எனக்கு என்ன பிரயோஜனம்? எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. அந்தத் தெருவில போய்ச் சொல்லுங்க" என்றார்.

"நீயும் வா" என்றேன்.

"நான் எதுக்கு? அன்னிக்கு அத்தனை பேர் முன்னால நான் தனியாத்தானே நின்னேன்? இன்னிக்கு நீங்க நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படகுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகக் காளிகாட்டுக்குப் போனேன். நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்து ஐந்தாறு வருஷமாகியிருந்தது. பழைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய மகன் என்னை உட்கார வைத்துத் தின்னச் சந்தேஷ் கொடுத்தார். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். அந்தப் படிக்கட்டை இடித்துவிட்டுச் செங்கல்லில் கட்டிவிட்டதாகச் சொன்னார். மிஸ்திரி யாரென்று அவருக்கு நினைவில்லை. எதிர்வீட்டில் ஒரு கிழவருக்கு மட்டும் நினைவிருந்தது. அவரிடமும் சொன்னேன். "அப்படியா? பாவம்" என்றார். எனக்காகச் சொன்னாரா, மிஸ்திரிக்காகச் சொன்னாரா என்று தெரியவில்லை. தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் கதவைத் தட்டிச் சொன்னேன். அவர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள். யாரோ பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

டிராமில் வீட்டுக்கு வந்தேன். என் மனைவியிடம் நான் இதை அதுவரை சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன். அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள்.

"நீங்களா?" என்றாள். சற்றுக் கழித்து, "அந்த மனுஷர் ஹௌராவில படுத்துண்டு, எங்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? 'அவன் எனக்காக அத்தனை சிரமப்பட்டுக் கைப்பிடி போட்டான். விழுந்துட்டேனேன்னு அவன் மனசு நோகக் கூடாது, நீ பாத்துக்கோம்மா'ன்னார்" என்றாள்.

பிறகு எனக்குச் சாதம் பரிமாறினாள்.